அளந்து எழுதுங்கள்: அணுக முடியாத கட்டடம் மீது புகார் கொடுக்க முழுமையான வழிகாட்டி

சக்கர நாற்காலியில் வருபவர் ஏற முடியாத அலுவலகம். ஊன்றுகோலோடு நுழைந்தால் திரும்ப இடமில்லாத கழிப்பறை. பெயரைக் கூவி மட்டும் அழைக்கும் மருத்துவமனை. காது கேளாதவர் அங்கே தன் முறை வந்ததே தெரியாமல் உட்கார்ந்திருப்பார். இவற்றைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்கும் உரிமையை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நமக்குத் தருகிறது. அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்து, தமிழ்நாட்டில் ஒரு பொதுக் கட்டடத்தின் மீது புகார் கொடுத்து, விசாரணை வரை கொண்டுபோவது எப்படி என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய மனுக்களை எழுதச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். நான் பார்த்தவரை, தோற்ற மனுக்களில் பெரும்பாலானவை வரிசை தவறியதால் தோற்றவை. முதல் நாளே 1100 என்ற முதல்வர் உதவி எண்ணை அழைத்து, "எங்கள் ஊர் அலுவலகத்தில் வழி இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். சில நாட்களில் "சாய்தளம் அமைக்கப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரியோடு மனு முடித்துவைக்கப்படும். அங்கே சாய்தளம் இருப்பது உண்மைதான். அதில் யாராலும் ஏற முடியாது என்பதும் உண்மை. இரண்டாவதை நிரூபிக்க மனுதாரரிடம் எதுவும் இருக்காது.

1. கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஐந்து மீட்டர் அளவு நாடா ஒன்று, குறிப்பேடு, கேமரா உள்ள கைபேசி, கூட வர ஒருவர். கைபேசியில் சாய்வுக் கோணத்தைக் காட்டும் செயலி இருந்தால் நல்லது. பல கைபேசிகளில் அது முன்கூட்டியே இருக்கும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 40 விழுக்காடு குறைபாடு என்ற வரம்பு இடஒதுக்கீடு போன்ற சிறப்புச் சலுகைகளுக்கானது. அணுகல் உரிமைக்கு அந்த வரம்பு கிடையாது. நீண்டகாலக் குறைபாடு இருந்து, சுற்றியுள்ள தடைகளால் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாத எவரும் சட்டத்தின் பார்வையில் மாற்றுத்திறனாளிதான். முப்பது விழுக்காடு சான்றிதழ் வைத்திருந்த ஒருவர், "எனக்குத் தகுதி இல்லையாமே" என்று இரண்டு ஆண்டுகள் புகார் எழுதாமலே இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைய நாளுக்கு உண்மையான ஒரு வேலையும் இருக்கட்டும். சான்றிதழ் வாங்க, வரி கட்ட, மருத்துவரைப் பார்க்க என்று போன இடத்தில் தடைபட்டீர்கள் என்றால் உங்கள் புகாருக்குத் தேதியும் காரணமும் கிடைத்துவிடும். "பொதுவாக வசதி இல்லை" என்ற வாக்கியத்தை எளிதில் தள்ளிவிடலாம். "இந்தத் தேதியில் வருமானச் சான்று கேட்டு வந்தேன், உள்ளே போக முடியாமல் திரும்பினேன்" என்பதைத் தள்ளுவது கடினம்.

2. அளவெடுங்கள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. ஆகவே அவசரப்படாதீர்கள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் சாய்தளம். ஏற வேண்டிய உயரத்தை அளக்க, படிகளை எண்ணி ஒரு படியின் உயரத்தால் பெருக்கினால் போதும். அடுத்து, சாய்தளம் தரையில் எவ்வளவு நீளத்துக்கு ஓடுகிறது என்று அதன் பக்கவாட்டில் தரையோடு தரையாக அளவு நாடாவை வைத்து அளக்க வேண்டும். சாய்ந்த பரப்பின் மேல் நாடாவை வைத்தால் நீளம் கூடுதலாகக் காட்டும்; எதிர்த்தரப்புக்கு அது சாதகம். நீளத்தை உயரத்தால் வகுத்தால் சாய்வு கிடைத்துவிடும்.

நான் உடன் சென்று அளந்த ஓர் அலுவலகத்தின் கணக்கு இது. படிகள் நான்கு, ஒவ்வொன்றும் 15 செ.மீ.; ஆக உயரம் 60 செ.மீ. சாய்தளத்தின் நீளம் 2.4 மீட்டர். ஒன்றுக்கு நான்கு. மத்திய அரசின் அணுகல் வழிகாட்டு நெறிகள் சொல்வது, சாய்வு ஒன்றுக்குப் பன்னிரண்டைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பதை. அப்படியென்றால் அங்கே 7.2 மீட்டர் நீளம் வேண்டும். இருந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. கைபேசியை வைத்துப் பார்த்தபோது 14 டிகிரி காட்டியது. இருக்க வேண்டியது ஐந்து டிகிரிக்கும் குறைவு. என்னோடு வந்திருந்த அக்கா சக்கர நாற்காலியின் முன் சக்கரங்களை அதில் ஏற்றிய உடனே நாற்காலி பின்னால் சாயத் தொடங்கியது. இரண்டு பேர் பிடித்தோம். பிறகு அவர் இறங்கி, இரண்டு கைகளிலும் செருப்பை மாட்டிக்கொண்டு, மதிய வெயிலில் கொதித்த அந்தப் படிகளில் தவழ்ந்து ஏறினார். பக்கத்தில் "மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம்" என்ற பலகை பளிச்சென்று இருந்தது. அந்த அலுவலகம் கொடுத்த பதில் மனுவிலும் அந்தப் பலகையின் படம்தான் இணைக்கப்பட்டிருந்தது. எங்கள் மனுவில் அளவுகள் இருந்தன.

சாய்தளத்தில் இன்னும் நான்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறதா, அது 760 முதல் 900 மி.மீ. உயரத்துக்குள் இருக்கிறதா? ஏறும் உயரம் 750 மி.மீ. ஆகும் இடத்தில் நின்று இளைப்பாறச் சமதளம் உண்டா? மேலே போய் முடியும் இடத்தில் சக்கர நாற்காலி திரும்ப 1500 மி.மீ. இடம் உண்டா? கடைசியாக, வாசலில் மடக்குக் கதவின் இரும்புத் தண்டவாளமோ உயர்ந்த நிலைப்படியோ இருக்கிறதா? ஒழுங்கான சாய்தளம் கட்டி, அதன் உச்சியில் ஐந்து செ.மீ. நிலைப்படியை விட்டுவைத்த இடங்கள் ஏராளம். நாற்காலி அங்கேயே நின்றுவிடும்.

கதவின் அகலத்தை நிலைகளுக்கு இடையே அளக்காதீர்கள். கதவைத் திறந்து வைத்து, நுழையக் கிடைக்கும் வெற்றிடத்தை அளக்க வேண்டும், 900 மி.மீ. தேவை. லிப்ட் கதவுக்கும் இதே அளவு.

கழிப்பறைக்கு உள்ளளவு 2200-க்கு 2000 மி.மீ. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், அல்லது நகர்த்தும் கதவாக இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும் என்பதுதான் காரணம். இருக்கையின் உயரம் 450 முதல் 480 மி.மீ. பூட்டிக் கிடந்தால் பூட்டைப் படமெடுங்கள். துடைப்பமும் பழைய கோப்புக் கட்டுகளும் அடுக்கிய கிடங்காக இருந்தால் அதையும் எடுங்கள். இருந்தும் திறக்காத கழிப்பறை, கட்டாத கழிப்பறைக்குச் சமம் என்று மனுவில் எழுதலாம்.

வாகனம் நிறுத்துமிடம் ஒன்றுக்கு 3600-க்கு 5000 மி.மீ. அகலம் ஏன் இவ்வளவு என்றால், காரின் பக்கத்தில் சக்கர நாற்காலியைப் போட்டு மாறி உட்கார வேண்டும்.

சக்கர நாற்காலியோடு நின்றுவிடாதீர்கள். பார்வையற்றவர் வாசலிலிருந்து விசாரணை மேசை வரை வரத் தொட்டறியும் தரை ஓடுகள் இருக்கின்றனவா, அவை நடுவில் தூணிலோ பூந்தொட்டியிலோ முட்டுகின்றனவா? லிப்ட்டில் பிரெயில் எழுத்தும் குரல் அறிவிப்பும் உண்டா? காது கேளாதவருக்கு வரிசை எண் திரையில் தெரிகிறதா? ஒரே மனுவில் எல்லாவற்றையும் சேர்த்தால், ஒரே செலவு மதிப்பீட்டில் எல்லா வேலையும் வந்துவிடும். விட்டுப்போனதற்காக இன்னொரு முறை நடக்க வேண்டியிராது.

படம் எடுக்கும்போது அளவு நாடா படத்துக்குள் இருக்கட்டும், எண் தெரியட்டும். ஒரு படத்திலாவது அலுவலகப் பெயர்ப்பலகை வேண்டும். படமெடுக்க அனுமதி இல்லாத இடத்தில் வாக்குவாதம் வேண்டாம். அளந்ததைக் குறிப்பேட்டில் வரைந்து, தேதியிட்டு, உடன் வந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஊழியர்கள் "நாங்கள் தூக்கிக்கொண்டு போகிறோம்" என்று நல்ல மனதோடு முன்வருவார்கள். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் மறுத்துவிடுங்கள். அவர்கள் மேல் வருத்தம் வேண்டியதில்லை. அப்படிச் சொன்னதையும் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கித்தான் கொண்டுபோக முடிந்தது என்பதே அங்கே வழி இல்லை என்பதற்குச் சான்று.

3. கட்டடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று அறியுங்கள்

இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மனு ஊர் ஊராகச் சுற்றும். ரயில் நிலையம், விமான நிலையம், அஞ்சலகம், பொதுத்துறை வங்கி போன்றவை மத்திய அரசின் கீழ் வருவதால் அவற்றுக்கான புகார் இந்தச் சட்டத்தின்படி புகார்களை விசாரிக்கும், தில்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்குப் போக வேண்டும். மாநில அரசு அலுவலகங்கள், அரசு மருத்துவமனைகள், அரசுப் பள்ளிகள், மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி, மாநிலப் போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவற்றுக்குச் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். திரையரங்கு, வணிக வளாகம், தனியார் மருத்துவமனை ஆகியவை பற்றிய புகாரும் நடைமுறையில் மாநில ஆணையரிடமே போகிறது.

தனியார் கட்டடம் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். பிரிவு 2-இல் உள்ள பொதுக் கட்டடம் என்பதன் விளக்கத்தைப் படியுங்கள். அரசுடையதோ தனியாருடையதோ, பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடம் என்று தெளிவாக இருக்கிறது. கல்வி, வேலை, வணிகம், மருத்துவம், வழிபாடு, பொழுதுபோக்கு அனைத்தும் அதில் அடங்கும்.

அலுவலகம் ஒரு துறையுடையதாகவும் கட்டடம் பொதுப்பணித் துறையுடையதாகவும் இருக்கலாம். அப்போது இரண்டு துறைகளையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒன்றை மட்டும் சேர்த்தால், "கட்டடம் எங்களுடையதில்லை" என்ற பதில் விசாரணை நாளில்தான் வரும்.

4. எந்தப் பிரிவை எழுதுவது

பிரிவு எண்களை அடுக்கினால் மனு பலமாகும் என்பது தவறான நம்பிக்கை. இரண்டு அல்லது மூன்று போதும்.

பழைய கட்டடம் என்றால் பிரிவு 45. இருக்கின்ற பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் வெளியானது 2017 ஜூன் 15. கெடு 2022 ஜூன் நடுவில் முடிந்துவிட்டது. தயார்நிலையைப் பார்த்து மாநிலங்களுக்குத் தனித்தனியே கால நீட்டிப்புத் தர மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அப்படி வாங்கியிருக்கிறார்களா என்பதை பின்னால் வரும் தகவல் அறியும் உரிமை மனுவில் கேட்கலாம்.

புதிய கட்டடம் என்றால் பிரிவு 44. அணுகல் தரத்துக்குப் பொருந்தாத வரைபடத்துக்குக் கட்ட அனுமதி தரக் கூடாது. அப்படிக் கட்டியதற்குப் பணி நிறைவுச் சான்றும் தரக் கூடாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இலும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடுகள் தனியே இருக்கின்றன. உள்ளாட்சிப் பொறியாளருக்கு அந்த விதிநூல்தான் பழக்கம் என்பதால் அதையும் குறிப்பிட்டால் பேச்சு எளிதாகும். சேவை வழங்குவோருக்கான கெடு பிரிவு 46-இல் இருக்கிறது. அது இரண்டே ஆண்டுகள்.

இங்கே ஒரு வாதத்துக்குத் தயாராக இருங்கள். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2017 விதிகளில் அணுகல் தரம் பற்றிய விதி 15(1) சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. "அந்த விதியே போய்விட்டதே, எங்களுக்கு என்ன கட்டாயம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்பு சொன்னது இதற்கு நேர் எதிரானது. சட்டம் கட்டாயமாக்கியதை விதி வெறும் பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்தது என்பதே நீதிமன்றத்தின் குறை. விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பணி நிறைவுச் சான்றை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது ஆகியவற்றையும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. 44, 45, 46 ஆகிய பிரிவுகள் அப்படியே நிற்கின்றன. மனு எழுதும் நாளில் நடப்பில் உள்ள விதியின் வாசகத்தை மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை இணையதளத்தில் எடுத்து இணைத்துவிடுங்கள்.

5. முதல் கடிதம் அலுவலகத் தலைவருக்கு

நேராக ஆணையரிடம் போகத் தடை ஏதும் இல்லை. இருந்தாலும் முதலில் அந்த அலுவலகத்துக்கே எழுதச் சொல்வேன். காரணம் இரண்டு. சில அதிகாரிகள் உண்மையிலேயே செய்துகொடுத்துவிடுவார்கள். நிலைப்படியை உடைக்கவும் பூட்டிய கழிப்பறையைத் திறக்கவும் பெரிய நிதி தேவையில்லை. செய்யாவிட்டால், "இவர் எங்களிடம் சொல்லவே இல்லை" என்ற சாக்கு அன்றோடு அடைபட்டுவிடும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். என்றைக்கு எதற்காக வந்தீர்கள், என்ன தடை, அளவு என்ன, என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில் பதில் வேண்டும். முப்பது நாள் கொடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் கையொப்பமும் வாங்காமல் நகராதீர்கள். அனுப்பினால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். ஒரு நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அனுப்புங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்துப் பதிவு எண் பெற்றுக்கொள்வதும் நல்ல வழி. 1100-ஐ அழைப்பதும் இந்தக் கட்டத்தில் தவறில்லை. அந்தப் பதிவு எண்ணை ஆவணமாக வைத்துக்கொள்ளுங்கள். தீர்வை அதனிடமிருந்து மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

6. அந்த முப்பது நாளில் தகவல் மனு

பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 6-இன் கீழ் அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக மனுவிலேயே ஒட்டலாம். பதில் வர வேண்டிய காலம் 30 நாள்.

"ஏன் சாய்தளம் கட்டவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தகவல் அலுவலர் கடமைப்பட்டவரல்லர். அதைக் காட்டியே மனுவைத் திருப்பிவிடுவார்கள். ஆவணங்களைக் கேளுங்கள். இந்தக் கட்டடத்தில் அணுகல் தணிக்கை (மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்ற ஆய்வு) நடந்திருந்தால் அதன் அறிக்கை நகல். சாய்தளம், கழிப்பறை, லிப்ட் ஆகியவற்றுக்காகத் தயாரித்த மதிப்பீடுகளின் நகல். பிரிவு 45-இன் கீழ் கால நீட்டிப்புப் பெற்றிருந்தால் அந்த ஆணையின் நகல். கட்டட அனுமதியும் பணி நிறைவுச் சான்றும்.

தனியார் கட்டடத்திடம் இப்படிக் கேட்க முடியாது. அனுமதி கொடுத்த உள்ளாட்சி அல்லது திட்டக் குழுமத்திடம் அனுமதி வரைபடத்தையும் நிறைவுச் சான்றையும் கேளுங்கள். வரைபடத்தில் அழகான சாய்தளம் இருக்கும், நேரில் அந்த இடத்தில் ஜெனரேட்டர் நிற்கும். அந்த இரண்டு தாளும் உங்கள் கையில் இருந்தால் வேறு சான்றே வேண்டாம்.

"அத்தகைய ஆவணம் எதுவும் இல்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். கெடு முடிந்த பிறகும் தணிக்கைகூட நடக்கவில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்ததாக அர்த்தம். பார்வை, செவிப்புலன் போன்ற புலன் குறைபாடு உள்ளவர்கள் ஆவணங்களைப் பெறத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 7(4) சொல்கிறது. பார்வையற்றவர்கள் தங்களுக்குப் படிக்கத்தக்க வடிவில் வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

7. ஆணையருக்குப் புகார்

வழக்கறிஞர் தேவையில்லை. மத்திய விதிகள் ஒரு புகாரில் ஐந்து செய்திகளைக் கேட்கின்றன. உங்கள் பெயர், விவரம், முகவரி, எதிர்த்தரப்பின் பெயர், முகவரி, நடந்தது என்ன, எங்கே, எப்போது, ஆதார ஆவணங்கள், கோரும் நிவாரணம். மாநில ஆணையருக்கு எழுதும்போதும் இதே அமைப்பு போதும். தில்லிக்கு எழுதுவதானால் ஆங்கிலத்தில் எழுதுவது வேலையைச் சுருக்கும்.

நடந்ததை எழுதும் பகுதியில் வேதனையைக் கொட்ட வேண்டும் என்று தோன்றும். அது நியாயமான வேதனை. ஆனால் அளவுகளை முதலில் வையுங்கள். இப்படி எழுதலாம்:

"மேற்படி அலுவலக வாசலின் உயரம் 60 செ.மீ. சாய்தளத்தின் நீளம் 2.4 மீட்டர். சாய்வு 1:4. அனுமதிக்கத்தக்க சாய்வு 1:12. கைப்பிடி இல்லை. உச்சியில் 5 செ.மீ. நிலைப்படி உள்ளது. இதனால் நான் சக்கர நாற்காலியை விட்டு இறங்கித் தவழ்ந்து உள்ளே செல்ல நேர்ந்தது. படங்கள் 1 முதல் 6."

தவழ்ந்து என்ற சொல் அளவுகளுக்குப் பின்னால் வரும்போது படிப்பவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது நிவாரணப் பகுதியில். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தால், "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்றுதான் பதில் வரும். என்ன வேலை, எந்த அளவில், எத்தனை நாளில் என்று எண்ணிட்டு எழுதுங்கள். 1:12 சாய்வில், இருபுறமும் கைப்பிடியுடன் சாய்தளம், 90 நாளில். நிலைப்படியைச் சமப்படுத்துதல், 15 நாளில். கழிப்பறையைக் கிடங்காகப் பயன்படுத்துவதை நிறுத்தித் திறந்துவைத்தல், ஏழு நாளில்.

அதன்பின் இடைக்கால ஏற்பாடு. சாய்தளம் வரும்வரை, லிப்ட் பொருத்தும்வரை, தரைத்தளத்தில் ஒரு மேசை போட்டுச் சேவை தர வேண்டும் என்று கேளுங்கள். சூழலுக்கேற்ற நியாயமான மாற்றத்தைச் செய்துகொடுப்பது பிரிவு 3-இன் கீழ் அரசின் பொறுப்பு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இடைக்கால ஏற்பாட்டுக்கும் முடிவுத் தேதி எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்த மேசையே நிரந்தரமாகிவிடும்.

பராமரிப்பையும் கேளுங்கள். சென்னை மெரினாவில் 2022 நவம்பர் இறுதியில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே போக மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்திவிட்டது. பிறகு சீர்செய்ய வேண்டியிருந்தது. கட்டுவது ஒரு நாள் வேலை, பாதுகாப்பது எல்லா நாள் வேலை என்பதால், யார் பொறுப்பில் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு என்பதும் நிவாரணத்தில் இருக்கட்டும்.

இணைப்புகளுக்கு எண் போட்டுப் பட்டியலிடுங்கள். மூன்று படிகள் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். அசல் ஆவணம் எதையும் அனுப்பாதீர்கள்.

8. விசாரணை நாள்

மத்திய விதிகளின்படி, புகாரின் நகல் எதிர்த்தரப்புக்கு அனுப்பப்பட்டு, 30 நாளில் பதில் கேட்கப்படும். தேவையானால் இன்னும் 15 நாள் தரலாம். சாட்சிகளை அழைப்பதிலும் ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதிலும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையருக்கும் உண்டு. அழைப்பு வந்தால் போகத் தவறாதீர்கள். மனுதாரர் வராத காரணத்தாலேயே புகார் தள்ளுபடி ஆகலாம். போக முடியாவிட்டால் முன்கூட்டியே எழுதி வேறு தேதி கேளுங்கள், அல்லது காணொலி வழியே விசாரிக்கக் கேளுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதையும் முதலிலேயே எழுதுங்கள். விசாரணை அமைப்புகளைத் தடையின்றி அணுகும் உரிமை பிரிவு 12-இல் இருக்கிறது.

எதிர்த்தரப்பு சொல்லும் பதில்கள் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கும். "வாடகைக் கட்டடம்" என்பார்கள். பொதுமக்கள் வந்துபோகும் கட்டடமா என்றுதான் சட்டம் பார்க்கிறது, உரிமையாளர் யார் என்று பார்ப்பதில்லை. "நிதி இல்லை" என்பார்கள். எந்தத் தேதியில் மதிப்பீடு தயாரித்து எந்தத் தேதியில் நிதி கேட்டு எழுதினீர்கள் என்று கேளுங்கள். தகவல் மனுவின் பதில் இங்கேதான் கைகொடுக்கும். மூன்றாவது, "இதுவரை யாரும் கேட்டதில்லை". உள்ளே வரவே முடியாதவர்கள் உள்ளே வந்து எப்படிக் கேட்பார்கள் என்று அந்த அக்கா விசாரணையில் அமைதியாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

விசாரணையில் அதிகாரி வாய்மொழியாக ஒப்புக்கொண்டால், அதைத் தேதியோடு பதிவு செய்யும்படி கேளுங்கள். வெளியே வந்து கைகுலுக்கிச் சொன்னது எதுவும் பதிவில் சேராது.

9. பரிந்துரை வந்த பிறகு

ஆணையர் பிறப்பிப்பது பரிந்துரை. பிரிவு 81-இன்படி, பெற்றுக்கொண்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் அதே மூன்று மாதத்துக்குள் காரணத்தை ஆணையருக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும். நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வைத்து, மறுநாளே ஆணையருக்கு நினைவூட்டல் எழுதுங்கள். பலர் இங்கே ஓய்ந்துவிடுவது எனக்கு வருத்தம் தருவது. முக்கால்வாசித் தூரம் வந்த பிறகு விட்டுவிடுகிறார்கள்.

அப்போதும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் நீதிப்பேராணை (ரிட்) மனு. செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் பிரிவு 12-இன்படி மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். நீங்கள் அளந்தது, எழுதியது, பெற்றது எல்லாம் ஒரே கோப்பில் வரிசையாக இருந்தால் வழக்கறிஞருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

சட்டத்தை மீறியதற்கான அபராதம் பிரிவு 89-இல் இருக்கிறது: முதல் முறை 10,000 ரூபாய் வரை, மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. அரசு ஊழியர் மீது இதை நகர்த்த அரசின் முன் அனுமதி தேவைப்படும் என்பதால், முதல் ஆயுதமாக இதை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

10. இணையதளம், செயலி என்றால்

வழி இதேதான், அளவு நாடாவுக்குப் பதில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள். எந்தப் பக்கத்தில், எந்தப் பொத்தானில் மென்பொருள் வாசிக்காமல் நின்றது என்று படிப்படியாக எழுதி, திரையைக் குரலோடு பதிவு செய்து இணையுங்கள். எழுத்துப் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் இடமும், கண் சிமிட்டச் சொல்லும் வாடிக்கையாளர் சரிபார்ப்பும் அதிகம் சிக்குபவை. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இணையவழிச் சேவையை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, சரிபார்ப்பு முறைகளை மாற்றியமைக்க 20 உத்தரவுகளைத் தந்திருக்கிறது. வங்கிச் செயலி பற்றிய புகாரில் இதைக் குறிப்பிடுங்கள்.

11. வேலை முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள்

கட்டி முடித்ததும் "குறை தீர்ந்தது" என்று கையெழுத்துக் கேட்பார்கள். அளக்காமல் போடாதீர்கள். நான் சொன்ன அந்த அலுவலகத்தில் புதிய சாய்தளம் இருமுறை திரும்பி, நடுவில் சமதளம் விட்டு, ஏழே கால் மீட்டர் நீளத்துக்கு வந்திருந்தது. கைப்பிடி சரி. உச்சிக்குப் போய்ப் பார்த்தால் மடக்குக் கதவின் தண்டவாளம் நான்கு செ.மீ. உயர்ந்து அப்படியே நின்றது. பேனாவை மூடிவிட்டு ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டார் அக்கா. அவர் அன்று மாலையே இரண்டு சட்டி சிமெண்ட் கலவையைக் கொட்டித் தண்டவாளத்தின் இருபுறமும் சரிவாக இழுத்துவிட்டார். காய மூன்று நாள் விட்டு, நான்காம் நாள் நாற்காலியை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.